கீட்டாவின் எண்

அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் இருக்கும் அக்கா ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கைப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து என் டிபன் பாக்ஸ் பக்கத்தில் வைத்தார். "படிச்சுப் பாருப்பா. ரெண்டு ராத்திரி தூங்கல, அப்படி அழுதேன்." ஹெதர் மோரிஸ் எழுதி 2018இல் வந்த 'தி டாட்டூயிஸ்ட் ஆஃப் ஆஷ்விட்ஸ்'. விமான நிலையக் கடைகளில் முன்வரிசையில் இருக்குமே, அதுதான். உண்மைக் கதை என்கிற பேச்சு அட்டையிலேயே ஆரம்பித்துவிடுகிறது.

நானும் இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். அழுகை வரவில்லை. அது பெரிய விஷயமில்லை, எனக்கு எதற்கும் சட்டென்று அழுகை வராது. சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. மிக்சர் கொறிக்கிற மாதிரி படித்து முடித்திருந்தேன். அத்தியாயம் முடியும்போது அடுத்தது என்ன என்று விரல் தானாகப் பக்கத்தைத் திருப்பியது. காதலிக்குக் காய்ச்சல், மருந்து கிடைக்குமா? அதிகாரி பார்த்துவிட்டான், மாட்டிக்கொள்வானா? தப்பித்துவிடுவான் என்று எனக்கு முன்பே தெரியும், அவன் சொன்ன கதைதானே இது! நாஜிகள் நடத்திய மரண முகாம், பதினோரு லட்சம் பேர் செத்த ஓர் இடம், அதைப் பற்றி இவ்வளவு விறுவிறுப்பாகப் படித்திருக்கிறேனே என்று புத்தகத்தை மூடிய பிறகு ஒரு மாதிரி இருந்தது.

கதைச் சுருக்கத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்லோவாக்கியாவிலிருந்து 1942 ஏப்ரலில் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட யூத இளைஞர் லாலே. புதிதாக வருகிறவர்களின் கையில் எண் குத்தும் வேலை அவருக்குக் கிடைக்கிறது. அப்படி ஒரு பெண்ணின் கையைப் பிடித்து எண் குத்தும்போது நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்க்கிறார், காதல். அவள் பெயர் கீட்டா. (அக்கா 'கீதா, கீதா' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கிசெலா என்பதன் செல்லச் சுருக்கம் அது.) இருவரும் பிழைக்கிறார்கள், போருக்குப் பிறகு ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்து மணந்துகொள்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் குடியேறுகிறார்கள். இவ்வளவும் நிஜம். லுட்விக் ஐசன்பெர்க் என்று பிறந்து பின்னால் சோகோலோவ் என்று குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட அந்த மனிதர் மெல்பர்னில் வாழ்ந்தார். மோரிஸிடம் கதையைச் சொல்லத் தொடங்கியது மனைவி 2003இல் இறந்த பிறகு. மோரிஸ் அவரை மூன்று ஆண்டுகள், 2006இல் அவர் இறக்கும்வரை, சந்தித்துப் பேசியிருக்கிறார். முதலில் திரைக்கதையாகத்தான் எழுதினார். அது நாவலில் நன்றாகவே தெரிகிறது: நிகழ்காலத்தில் குட்டிக் குட்டிக் காட்சிகள், நிறைய வசனம், சூழலுக்கு இரண்டு வரி.

சரி, எனக்கு எங்கே இடறியது? எண்ணில்.

பச்சை குத்துதல் என்று நமக்கு ஓர் அழகான சொல் இருக்கிறது. என் பாட்டியின் முன்கையில் கோலம் மாதிரி புள்ளி வைத்த ஒரு பச்சை உண்டு. குத்தியவளுக்குப் படி அரிசி கொடுத்ததை எழுபது வயதிலும் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த நாவலுக்குள் நுழைந்தால் காலை வாரிவிடும். ஆஷ்விட்ஸில் நடந்ததைப் பச்சை குத்துதல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. யூதர்களுக்கு உடலில் எழுத்துக் குத்திக்கொள்வது வேதத்திலேயே விலக்கப்பட்டது, லேவியராகமத்தில் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஏன் குத்தினார்கள் என்று தேடிப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சை அடைத்தது.

சிறைவாசிகளின் எண் முதலில் சட்டையில்தான் தைக்கப்பட்டிருந்தது. சாகிறவர்கள் அதிகமானபோது கணக்கு வைப்பவர்களுக்குச் சிக்கல் வந்தது. பிணத்தின் துணியைக் கழற்றிவிட்டால் அது எந்த எண் என்று தெரியாது. மருத்துவக் கொட்டடியில் கிடந்தவர்களின் மார்பில் அழியாத மையால் எழுதிப் பார்த்தார்கள். 1941 இலையுதிர்காலத்தில் சோவியத் போர்க்கைதிகளுக்கு, ஊசிகள் பதித்த உலோக அச்சால் மார்பில் ஒரே குத்தாகக் குத்தி, காயத்தில் மையைத் தேய்த்தார்கள். அப்புறம்தான் ஒற்றை ஊசியும் இடது முன்கையும் வந்தன. நாஜி முகாம்களிலேயே இப்படி எண் குத்தியது ஆஷ்விட்ஸில் மட்டும்தான். ஆக, உயிரோடு இருப்பவரை அடையாளம் காண்பதற்கு முன்பே, அவர் செத்த பிறகு எந்த வரியில் கோடு போடுவது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. குத்துகிறவருக்கு இது தெரிந்திருக்கும். எத்தனை கைகள் கடந்து போன பிறகு தெரிந்திருக்கும்? அன்று இரவு அவர் என்ன செய்தார்? நாவலில் நான் தேடியது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஏறத்தாழ 13 லட்சம். பதிவேட்டில் ஏறி எண் பெற்றவர்கள் சுமார் 4 லட்சம். மீதி ஒன்பது லட்சம் பேர் ரயிலிலிருந்து இறங்கிய சில மணி நேரத்திலேயே கொல்லப்பட்டார்கள். வயதானவர்கள், குழந்தைகள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த தாய்மார்கள். அவர்கள் கையில் எந்த எண்ணும் இல்லை. நாம் ஆஷ்விட்ஸ் என்றதும் நினைத்துக்கொள்கிற அந்த நீல எண், சாவு சில நாளோ சில மாதமோ தள்ளிப்போடப்பட்டவர்களுக்குக் கிடைத்தது. எண் குத்துகிறவரின் மேசைக்கு வரிசையில் வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் பின்னால், அந்த மேசைக்கே வராமல் வேறு பாதையில் திருப்பப்பட்டவர்கள் இரண்டு மடங்குக்கு மேல். அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவரைக் கதாநாயகனாக வைத்து எழுதும் நாவலுக்கு இதைவிடப் பெரிய விஷயம் கிடைக்குமா? மோரிஸ் அந்த மேசையைக் காதலர்கள் சந்திக்கிற இடமாக ஆக்கிவிட்டார்.

இப்போது கீட்டாவின் எண்ணுக்கு வருகிறேன். நாவலில் அவள் எண் 34902. நாவலின் முதல் காட்சியே அந்த ஐந்து இலக்கங்கள்தான். ஆனால் நிஜமான கீட்டா தன் வாய்மொழி வாக்குமூலத்தில் சொல்லியிருக்கும் எண் 4562.

'போகட்டும், எண்தானே' என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகு பிரீமோ லெவியை எடுத்துப் பார்த்தேன். இத்தாலியிலிருந்து 1944 பிப்ரவரியில் வந்த வேதியியலாளர், எண் 174517. அவர் சொல்கிறார்: முகாமில் பழகியவர்களுக்கு ஒருவரின் எண்ணைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும். எப்போது வந்தவர், எந்த நாட்டிலிருந்து, எந்த ரயிலில். 30,000க்கும் 80,000க்கும் இடையில் என்றால் எல்லோரும் மரியாதை கொடுப்பார்கள், போலந்தில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோ பகுதிகளிலிருந்து வந்து மிஞ்சியிருக்கும் சில நூறு பேர் அவர்கள். 116,000, 117,000 என்றால் கொடுக்கல் வாங்கலில் ஜாக்கிரதை, சலோனிக்காவிலிருந்து வந்த கிரேக்க யூதர்கள், நாற்பது பேர்தான் மிச்சம். இது ஆண்களின் வரிசை. அங்கே எண் என்பது ஊர், பேர், வந்த தேதி எல்லாம் சேர்ந்த ஒன்று. பக்கத்தில் நிற்பவன் பழையவனா புதியவனா என்பதைக் கையைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள்.

பெண்களுக்குத் தனி வரிசை. 1942 மார்ச் 26 அன்று ராவன்ஸ்ப்ரூக் முகாமிலிருந்து 999 பெண் கைதிகள் வந்தார்கள், 1 முதல் 999 வரை அவர்களுக்கு. அதே நாள் ஸ்லோவாக்கியாவின் போப்ராட் ஊரிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் யூதப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள், 1000 முதல் அவர்களுக்கு. பெரும்பாலும் திருமணமாகாத இளம்பெண்கள். சில மாதம் தொழிற்சாலை வேலை என்று சொல்லி ரயிலேற்றியிருந்தார்கள். தன் குடிமக்களை இப்படி அனுப்பிவைக்க ஸ்லோவாக்கிய அரசு ஆள் ஒன்றுக்கு 500 ரைஷ்மார்க் ஜெர்மனிக்குக் கட்டியது. அனுப்பியவர்களே பணமும் கட்டினார்கள், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன். அந்த ஆண்டு அக்டோபருக்குள் சுமார் 58,000 பேர் போனார்கள், திரும்பியவர்கள் சில நூறு.

ஆகவே 4562 என்றால், முதல் சில வாரங்களுக்குள் வந்த ஸ்லோவாக்கியப் பெண். பெண்கள் முகாம் ஆஷ்விட்ஸின் இன்னொரு பகுதியான பிர்கனாவுக்கு மாற்றப்படுவதற்கு முன்பே உள்ளே இருந்தவள். பின்னால் வந்தவர்கள் பார்த்தவுடன் 'இவள் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறாள்' என்று வியக்கிற எண். 34902 என்றால்? பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்லோத் டெல்போ 230 பெண்கள் கொண்ட கூட்டத்தில் ஒருவராக 1943 ஜனவரி 27 அன்று ஆஷ்விட்ஸ் வந்தார். அவர் எண் 31661, அந்தக் கூட்டத்துக்கே 31000 என்றுதான் பெயர். அவர்களுக்கும் பின்னால் வந்தவர்களின் எண்ணை, 1942இல் வந்த பெண்ணின் கையில் குத்தியிருக்கிறது இந்த நாவல். காலண்டர் சற்றுத் தள்ளிப்போனதோடு நிற்கவில்லை. ஒருத்தியின் மூன்று ஆண்டுகளில் கிட்டத்தட்ட முதல் ஆண்டு முழுவதும் அவள் கையிலிருந்து துடைக்கப்பட்டுவிட்டது. அந்த முதல் ஆண்டுதான் அவளோடு வந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்ற ஆண்டு.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை. ஆஷ்விட்ஸ் நினைவகத்தின் ஆய்வு மையத்தைச் சேர்ந்த வாண்டா விட்டெக்-மாலிட்ஸ்கா 2018 நவம்பரில் நினைவகத்தின் 'மெமோரியா' இதழில் இந்த நாவலின் பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதினார். எண் அதில் ஒன்று. கீட்டாவுக்கு டைபஸ் காய்ச்சல் வந்தபோது லாலே எங்கிருந்தோ பெனிசிலின் வாங்கிவந்து காப்பாற்றுகிறார் என்பது இன்னொன்று. நாவலின்படி 1943 தொடக்கம். அப்போது பெனிசிலின் அமெரிக்காவிலேயே பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்காத காலம். அப்படியே கிடைத்திருந்தாலும் பயனில்லை என்பது என் பங்குக்கு. டைபஸ் வேறு, டைபாய்டு வேறு. பேன் மூலம் பரவும் டைபஸை உண்டாக்கும் ரிக்கெட்சியா கிருமியைப் பெனிசிலின் ஒன்றும் செய்யாது. முகாமில் பேனைக் கொல்வதற்காகத்தான் முதலில் சைக்லோன் பி டப்பாக்கள் வந்து இறங்கின, பிறகு வாயு அறைகளில் மனிதர்களைக் கொன்ற அதே நச்சு. அந்த ஒரு நூலைப் பிடித்திருந்தால் நாவலாசிரியர் எங்கோ போயிருக்கலாம். பேருந்து ஒன்றில் ஆட்களை அடைத்து நச்சுவாயு செலுத்தும் காட்சியும் வருகிறது. வாயு வண்டிகள் ஓடியது ஹெல்ம்னோ போன்ற வேறு முகாம்களில்.

அக்காவிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, அந்த மனுஷன் சொன்னதைத்தானே அவங்க எழுதியிருக்காங்க? அப்ப அவர் பொய் சொன்னாருங்கறியா?" என்றார்.

நியாயமான கேள்வி. இல்லை அக்கா, அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்லவே மாட்டேன். எண்பத்தேழு வயதில், மனைவியை இழந்து சில வாரங்களில், அறுபது ஆண்டு பழைய நரகத்தை வேற்று மொழியில் ஒருவரிடம் சொல்கிறார். எண் மாறும், மருந்தின் பெயர் மாறும். யாரோ கொடுத்த ஏதோ ஒரு மருந்தைப் பின்னாளில் கேள்விப்பட்ட பெனிசிலின் என்று மனம் எழுதிக்கொள்ளும். சாட்சி தடுமாறுவது இயல்பு. தடுமாறும் சாட்சியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற எழுத்தாளருக்கு அப்போது ஒரு வேலை இருக்கிறது. ஒன்று, ஆவணங்களைத் தேடி ஒப்பிட வேண்டும். அல்லது தடுமாற்றத்தையே நாவலுக்குள் கொண்டுவர வேண்டும். இவர் இரண்டையும் செய்யாமல், 95 சதவீதம் நடந்தபடியே என்று ஒரு பேட்டியில் சொன்னார். பிழைகள் வெளியே வந்த பிறகு, இது கல்விப்புல வரலாற்று நூல் என்று நான் சொல்லவில்லையே என்றார். விற்கும்போது உண்மைக் கதை, கேள்வி வந்தால் நாவல். லாலே என்ற பெயரே சரியில்லை, அப்பாவின் பெயர் லாலி என்று மகன் பிறகு சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. பெயரைக்கூட ஒருமுறை கேட்டுச் சரிபார்க்கவில்லையா?

(2024இல் இது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, வயதான லாலே எழுத்தாளரிடம் கதை சொல்வதையும் அவருடைய நினைவு தடுமாறுவதையும் உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். எதிர்ப்புகளிலிருந்து ஏதோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.)

ஆனால் உண்மையைச் சொன்னால், பிழைகள் எல்லாவற்றையும் திருத்தி மறுபதிப்பு போட்டுக் கொடுத்தாலும் என் ஏமாற்றம் போகாது. எண்ணை 4562 ஆக்கி, பெனிசிலினை எடுத்துவிட்டு, பேருந்தை நீக்கிவிட்டுப் படித்தாலும் இது அதே நாவல்தான். ஏனென்றால் அந்த மனிதர் ஏன் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பேசவில்லை என்பதை இது பொருட்படுத்தவில்லை. தன்னை நாஜிகளின் கையாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவர் வாயைத் திறக்கவில்லை. எண் குத்துபவர் முகாமின் அரசியல் பிரிவின் கீழ் வேலை பார்த்தவர். கூடுதல் ரொட்டி கிடைத்தது, தனியாகப் படுக்க இடம் கிடைத்தது, மற்றவர்கள் போக முடியாத இடங்களுக்குப் போக முடிந்தது. ஊசியைக் கீழே வைத்திருந்தால் வேறொருவர் எடுத்திருப்பார், இவர் செத்திருப்பார். இதில் குற்றம் எங்கே இருக்கிறது? லெவி இந்த இடத்துக்குச் சாம்பல் மண்டலம் என்று பேர் வைத்தார். அங்கே நிற்பவர்கள் மேல் தீர்ப்புச் சொல்ல அவர் தயங்கினார், ஆனால் பார்க்காமல் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. மோரிஸின் நாவலில் லாலேவுக்கு இரண்டொரு இடத்தில் உறுத்துகிறது, உடனே யாராவது ஒருவர் 'நீ நல்லவன், வீரன்' என்று சொல்லித் தேற்றிவிடுகிறார். அடுத்த காட்சிக்குப் போகிறோம். ஒரு மனிதன் அரை நூற்றாண்டு தொண்டைக்குள் வைத்திருந்ததை இவ்வளவு சுலபமாகத் தீர்த்துவைத்தால் நான் எப்படி நம்புவது?

இன்னொரு ஆள் பாரெட்ஸ்கி. நாவலில் லாலேவைக் கூடவே கூட்டிக்கொண்டு திரியும் இளம் காவலன், முகாமை நடத்திய நாஜி எஸ்.எஸ். படைக்காரன். கொடூரன்தான், ஆனால் காதல் ஆலோசனை கேட்கிற, கொஞ்சம் மந்தமான, சில இடங்களில் சிரிக்கவும் வைக்கிற ஒருவன். ஷ்டெஃபான் பாரெட்ஸ்கி நிஜமாகவே இருந்தார். 1963 முதல் 1965 வரை பிராங்க்பர்ட்டில் நடந்த ஆஷ்விட்ஸ் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்று ஆயுள் தண்டனை பெற்றார். அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இன்னொருவர், முகாம் மருத்துவர் டாக்டர் லூக்காஸ், நான் யாரையும் சாவுக்குத் தேர்ந்தெடுக்கவே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். அவர் தேர்வு செய்தபோது நான் ஒன்றும் குருடனாக இல்லையே என்று நீதிமன்றத்தில் போட்டுடைத்தவர் இதே பாரெட்ஸ்கி. படித்த டாக்டர் மறைக்கப் பார்க்கிறார், படிக்காத காவலன் காட்டிக்கொடுக்கிறான்! இப்படி ஒரு ஆளைக் கையில் வைத்துக்கொண்டு காதல் ஆலோசனை கேட்க வைத்திருக்கிறார்கள்.

பிடித்ததே இல்லையா என்றால், இருக்கிறது. லாலே தங்கியிருந்தது பிர்கனாவில் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களைக் குடும்பம் குடும்பமாக அடைத்திருந்த பகுதியில். அங்கே பிள்ளைகள் ஓடி விளையாடுவதும், பெரியவர்கள் அவரை வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்துவதும் நன்றாக வந்திருக்கின்றன. 1944 ஆகஸ்ட் 2 இரவு அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்த நாலாயிரத்துச் சொச்சம் பேரையும் வாயு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். காலையில் லாலே எழுந்து பார்க்கும் வெறுமை இருக்கிறதே, அந்த ஓரிரு பக்கங்களில் மோரிஸ் அவசரப்படவில்லை. யாரும் யாரையும் தேற்றவுமில்லை. நாவல் முழுக்க இப்படி இருந்திருக்கலாமே என்று ஏக்கமாக இருந்தது.

அதேபோல ஒரு கால்பந்தாட்டமும் வருகிறது, கைதிகளுக்கும் எஸ்.எஸ். ஆட்களுக்கும். படித்ததும் எனக்கு ததேயுஷ் பொரோவ்ஸ்கியின் சிறுகதை ஞாபகம் வந்தது. போலந்துக்காரர், அவரும் அங்கே கைதியாக இருந்தவர். கதையில் அவர் கோல் கீப்பர். பந்து வெளியே போய்விடுகிறது, எடுக்கப் போகிறார். ரயில் வந்து நிற்பதும் ஆட்கள் இறங்குவதும் தெரிகிறது. ஆட்டம் தொடர்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பந்தை எடுக்கப் போகிறார், ரயில் நின்ற இடம் காலி. இரண்டு முறை பந்து வெளியே போனதற்கு இடையில் தன் முதுகுக்குப் பின்னால் மூவாயிரம் பேரைக் கொன்றுவிட்டார்கள் என்கிறார். அவ்வளவுதான். அந்தக் கதைசொல்லி நல்லவனில்லை, தன்னை நல்லவன் என்று காட்டிக்கொள்ள முயலவுமில்லை. பந்து பிடிக்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறான். கதையைப் படித்து எத்தனையோ ஆண்டு ஆயிற்று, இன்றும் டி.வி.யில் பந்து கோட்டைத் தாண்டினால் ஒரு நொடி அந்தக் காலி மேடை வந்து போகும்.

காதல்தான் அவர்களைப் பிழைக்கவைத்தது என்று இந்த நாவல் வரிக்கு வரி சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வந்ததற்கும் இதுதான் காரணம். கீட்டா பிழைத்ததற்கு அலுவலக வேலை ஒரு காரணம், லாலே கடத்திக்கொண்டுவந்த ரொட்டி ஒரு காரணம், குருட்டு அதிர்ஷ்டம் பெரிய காரணம். அவளோடு ரயிலில் வந்தவர்களில் எத்தனை பேருக்கு ஊரில் காதலன் இருந்தான்? எத்தனை பேர் தங்கச்சியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே செத்தார்கள்? ரோஜா ரோபோட்டாவும் அலா கெர்ட்னரும் இன்னும் இரு பெண்களும், தொழிற்சாலையிலிருந்து துளித் துளியாக வெடிமருந்தைக் கடத்தினார்கள். 1944 அக்டோபர் 7 அன்று பிணங்களை எரிக்கும் வேலையில் வைக்கப்பட்டிருந்த கைதிகள் கலகம் செய்து நான்காம் எண் எரியூட்டுக் கூடத்துக்குத் தீவைக்க அந்த வெடிமருந்து உதவியது. முகாம் விடுதலையாக மூன்றே வாரம் இருக்கும்போது, 1945 ஜனவரி 6 அன்று, அந்த நால்வரையும் தூக்கிலிட்டார்கள். அவர்களிடம் அன்புக்குக் குறைச்சலா?

இதையும் அக்காவிடம் சொன்னேன். இந்த முறை அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. "நீ சொல்றதெல்லாம் சரிதான். ஆனா இந்தப் புக்கு இல்லன்னா எனக்கு ஆஷ்விட்ஸ்ங்கற பேரே தெரிஞ்சிருக்காது. ஹிட்லர் யூதங்கள கொன்னான்னு பத்தாம் வகுப்புல ஒரு வரி படிச்சதோட சரி. அதுக்கு நீ என்ன சொல்ற?"

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. நான் மட்டும் என்ன, பிறக்கும்போதே லெவியைக் கையில் வைத்துக்கொண்டா பிறந்தேன்? கல்லூரி நாளில் ஒரு சினிமா பார்த்து அழுதுவிட்டுத்தான் தேடிப் போனேன். எல்லோருக்கும் ஏதோ ஒரு வாசல் வேண்டியிருக்கிறது. ஆனால் வாசலையே வீடு என்று சொல்லி விற்கும்போதுதான் வயிற்றெரிச்சல். இந்த வாசலைத் தாண்டி உள்ளே போனவர்கள் எத்தனை பேர், இங்கேயே நின்று அழுதுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு எடுக்கப்போவதில்லை.

மறுநாள் லெவியின் முகாம் நினைவுகளை, நானே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கும் பழைய பிரதியை, அக்கா மேசையில் வைத்தேன். "இது எப்படி, அழ வைக்குமா?" என்றார். தெரியாது என்றேன். டூரினில் இருக்கும் லெவியின் கல்லறையில் அவர் பெயருக்குக் கீழே 174517 என்று செதுக்கியிருப்பதை மட்டும் சொன்னேன். "அதை எதுக்குப் போய்க் கல்லுல வெட்டணும்?" என்று கேட்டபடியே பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் ஆயிற்று. நானாகக் கேட்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கை கழுவும் இடத்தில் பக்கத்தில் நின்றிருந்தார். குழாயை மூடாமல் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அந்தப் புக்குல ஒரு ஆள் வர்றான்ல, ஸ்டெய்ன்லாஃபோ என்னவோ பேரு. சோப்பு இல்ல, அழுக்குத் தண்ணி, துடைக்கத் துணி இல்ல, தன் சட்டையிலயே துடைச்சுக்கறான். அப்படியாவது தினமும் மூஞ்சி கழுவியே ஆகணும்னு நிக்கறான். அங்கயே நின்னுட்டேன்ப்பா, அதுக்கு மேல போகல" என்றார்.

"கஷ்டமா இருந்தா குடுத்துடுங்கக்கா, அப்புறம் படிச்சுக்கலாம்."

"இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். புத்தகம் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.